மாதவ் காட்கில் எத்தனை பேப்பர் போட்டார்?

வணிகவியலும் பொருளாதாரமும் படிப்பவர்களுக்கு காட்கில் என்ற பெயர் புதிதல்ல. மத்திய அரசு மாநிலங்களுக்குத் திட்ட நிதியைப் பிரித்துக் கொடுப்பதற்காக 1969-ல் வந்த 'காட்கில் ஃபார்முலா'வை, இரண்டு மார்க் கேள்விக்காகவாவது எல்லோரும் படித்திருப்பார்கள். அதைக் கொடுத்த டி.ஆர். காட்கில் பெரிய பொருளாதார அறிஞர், திட்டக் குழுவின் துணைத் தலைவராக இருந்தவர். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது அல்ல. அவருடைய மகன் மாதவ் காட்கிலைப் பற்றியது. அப்பா கணக்குப் போட்டது ரூபாயை. மகன் கணக்குப் போட்டது மூங்கிலையும் யானையையும் கோயில் காடுகளையும்.

கல்லூரிகளில் ஒரு பேராசிரியரைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் வருகிற கேள்வி ஒன்று உண்டு. "சார் எத்தனை பேப்பர் போட்டிருக்கார்?" இது வெறும் வராண்டா பேச்சு இல்லை. வேலைக்கு எடுப்பதும், பதவி உயர்வு கொடுப்பதும், ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்குவதும் பெரும்பாலும் இந்த எண்ணை வைத்துத்தான் நடக்கிறது. யுஜிசி 2010-ல் கொண்டுவந்த ஏ.பி.ஐ. முறையில் ஒரு கட்டுரைக்கு இத்தனை புள்ளி என்று மதிப்பெண்ணே போட்டார்கள். 2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 'எச்-இண்டெக்ஸ்' என்று ஓர் அளவுகோலைக் கொடுத்தார். ஒருவருடைய கட்டுரைகளில் முப்பது கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது முப்பது தடவையாவது பிறரால் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எச்-இண்டெக்ஸ் முப்பது. ஒரு மனிதரின் நாற்பது வருட உழைப்பு ஒரே எண்ணில் அடங்கிவிடுகிறது. வசதிதான்!

இந்த வசதி சூழலியல், பல்லுயிர்ப் பாதுகாப்பு போன்ற துறைகளில் எங்கே உதவுகிறது, எங்கே காலை வாரிவிடுகிறது என்று பார்க்க மாதவ் காட்கிலின் வெளியீட்டுப் பட்டியலைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கஷ்டம். ஏனென்றால் அவர் இந்தப் பரீட்சையில் தோற்றவர் இல்லை. இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் அவர் பெயரில் இருக்கின்றன. உலகின் முதல்தர ஜர்னல்களில் எழுதியவர். எந்த அளவுகோலை வைத்தாலும் நல்ல மார்க்தான் வரும். எனவே, "பேப்பர் போடாதவர்கள் சொல்லும் சாக்கு" என்று இந்த விவாதத்தைத் தள்ளிவிட முடியாது.

பட்டியலின் ஆரம்பத்தில் இருக்கிறது 1970-ம் வருடக் கட்டுரை ஒன்று. ஹார்வர்டில் பி.எச்டி. முடித்த கையோடு, தன் வழிகாட்டி வில்லியம் பாஸெர்ட்டுடன் சேர்ந்து 'அமெரிக்கன் நேச்சுரலிஸ்ட்' இதழில் எழுதியது. பசிபிக் கடலின் சால்மன் மீன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகிறது. மாமரமோ வருடா வருடம் காய்க்கிறது. ஏன் இந்த வித்தியாசம்? காட்கிலும் பாஸெர்ட்டும் இதை லாப நஷ்டக் கணக்காகப் பார்த்தார்கள். சந்ததியை உண்டாக்கச் செலவிடும் சக்தியால் கிடைக்கும் லாபம் எவ்வளவு, அதற்காகத் தன் உயிரிலும் வளர்ச்சியிலும் கொடுக்கும் விலை எவ்வளவு என்று இரண்டு வளைகோடுகள் வரைந்தார்கள். அந்தக் கோடுகளின் வளைவைப் பொறுத்து, மொத்தத்தையும் ஒரே தடவையில் செலவழிப்பது லாபமா, கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிப்பது லாபமா என்பது தெரிந்துவிடும். காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு இது பழகிய பாடம்தான். சூழலியலில் அந்தக் கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

இதே வழியில் போயிருந்தால் அமெரிக்காவிலேயே தங்கி, வருடத்துக்கு நாலு கணிதக் கட்டுரை எழுதி, அவர் எச்-இண்டெக்ஸை இன்னும் ஏற்றியிருக்கலாம். ஆனால் 1971-ல் இந்தியா திரும்பினார். 1973-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். அதற்குப் பிறகு பட்டியலின் முகமே மாறிவிடுகிறது.

முதலில் கோயில் காடுகள். வி.டி. வர்தக் என்ற தாவரவியலாளருடன் சேர்ந்து மகாராஷ்டிரத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் ஊர் ஊராகப் போய், சாமிக்கென்று விடப்பட்ட காடுகளைப் பதிவு செய்தார். 'தேவராய்' என்று அங்கே பெயர். நம் ஊர் அய்யனார் கோயில் காடு மாதிரிதான். கோடாரி படாத மரங்கள், வற்றாத ஊற்று, சுற்றிலும் மொட்டை மலை. மலையெல்லாம் அழிந்த பிறகும் இந்தச் சிறு துண்டுகளில் பழைய காடு பிழைத்திருந்தது. காடு போனால் ஓடையும் போய்விடும் என்று சொல்லத் தெரிந்த ஊர்க்காரர்கள் அங்கே இருந்தார்கள். 1975, 1976-ல் வந்த இது பற்றிய கட்டுரைகள், மூடநம்பிக்கை என்று படித்தவர்கள் ஒதுக்கிய ஒரு வழக்கத்தைப் பல்லுயிர்ப் பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழே கொண்டுவந்தன.

அடுத்தது மூங்கில். கர்நாடகத்தில் காகித ஆலைகளுக்கு அரசாங்கம் சொற்ப விலையில் மூங்கிலைக் கொடுத்துக்கொண்டிருந்தது. கூடை முடைபவர்களுக்கு மூங்கில் கிடைக்காமல் போனது. ஆலைதான் காட்டைத் தின்கிறது என்று அவர்கள் குரல் எழுப்பினார்கள். கிராமத்து ஆடு மாடுகள்தான் காரணம் என்று மறுதரப்பு சொன்னது. உண்மை என்னவென்று பார்க்கும் வேலை 1970-களின் நடுவில் காட்கிலிடம் வந்தது. அவரும் எஸ்.என். பிரசாத்தும் காட்டுக்குள் போய் மூங்கில் புதர்களை எண்ண ஆரம்பித்தார்கள். இரண்டு விஷயங்கள் தெரியவந்தன.

ஒன்று, அரசு ஏட்டில் இருந்த மூங்கில் கையிருப்பு, காட்டில் இருந்த மூங்கிலைவிட ரொம்ப அதிகம். ஸ்டாக் வெரிஃபிகேஷன் செய்யாத குடோன் மாதிரி! இரண்டாவது இன்னும் சுவாரஸ்யமானது. மூங்கில் புதரின் அடியில் முள்கிளைகள் பின்னிக்கொண்டு கிடக்கும். அதைச் 'சுத்தம்' செய்தால் மூங்கில் நன்றாக வளரும் என்று நினைத்து வனத்துறை வெட்டி அகற்றியது. ஆனால் அந்த முள்தான் இளங்குருத்துக்கு வேலி. வேலி போனதும் மாடும் முள்ளம்பன்றியும் குருத்தைத் தின்றுவிட்டன. அங்கே குடியிருந்த கிராமத்து மக்களுக்கு இது முன்பே தெரியும். அவர்களைக் கேட்டவர்தான் யாரும் இல்லை.

இந்த மூங்கில் வேலையில் இருந்தும் ஜர்னல் கட்டுரைகள் வந்தன. ஆனால் கட்டுரை வருவதற்கு முன்னால் வருடக்கணக்கில் காட்டில் நடக்க வேண்டியிருந்தது. இப்படி வருடங்களைக் கொட்டுகிற வேலைக்குப் புள்ளி முறையில் என்ன மரியாதை? கம்ப்யூட்டரில் மூன்று மாதத்தில் முடிகிற கட்டுரைக்கும் ஒரு புள்ளி, மூன்று வருடம் அட்டைக்கடி வாங்கி எழுதிய கட்டுரைக்கும் அதே புள்ளி. கணக்குத் தெரிந்த இளம் ஆய்வாளர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

பட்டியலில் ஏறாத வரவுகளும் உண்டு. 1983-ல் இந்திய அறிவியல் கழகத்தில் சூழலியல் அறிவியல் மையத்தை உருவாக்கியது ஒரு பேப்பர் அல்ல. அவரிடம் பி.எச்டி. செய்த சுகுமார், சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலைப் பக்கங்களில் யானைகளின் பின்னால் அலைந்து ஆராய்ந்து, 1989-ல் ஆசிய யானையைப் பற்றி எழுதிய புத்தகம் உலகம் முழுக்கப் படிக்கப்பட்டது. அது சுகுமாரின் பட்டியலில்தான் இருக்கும். 1988-ல் அந்த மையம் முதுமலைக் காட்டில் ஐம்பது ஹெக்டேர் நிலத்தை அளந்து, ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு, எது வளர்கிறது, எது சாகிறது என்று பதிவு செய்யத் தொடங்கியது. அப்படிப்பட்ட தரவு பேச ஆரம்பிக்கவே பத்து இருபது வருடம் ஆகும். அதுவரை பதவி உயர்வுக் குழு காத்திருக்குமா?

கணக்கியலில் ஒரு விதி உண்டு. விலை கொடுத்து வாங்கிய குட்வில்லைத்தான் ஏட்டில் சொத்தாகக் காட்டலாம். ஒரு நிறுவனம் தானே உழைத்து வளர்த்த குட்வில்லைக் காட்டக் கூடாது. காரணம், அதை நம்பகமாக அளக்க முடியாது. விதி நியாயமானது. ஆனால் ஏட்டில் இல்லை என்பதால் குட்வில்லே இல்லை என்று எந்தக் கணக்காளரும் சொல்ல மாட்டார். ஆராய்ச்சி உலகத்தில் மட்டும் அப்படித்தான் சொல்கிறார்கள். அளக்க முடியாததெல்லாம் இல்லாததாகிவிடுகிறது.

இப்போது இந்தப் பட்டியலிலேயே பெரிய வெளியீட்டுக்கு வரலாம். அது எந்த ஜர்னலிலும் வந்தது இல்லை.

2010 பிப்ரவரியில் நீலகிரி மாவட்டம் கோத்தகிரியில் மேற்குத் தொடர்ச்சி மலையைக் காப்பது பற்றி ஒரு கூட்டம் நடந்தது. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதில் கலந்துகொண்டார். அடுத்த மாதமே காட்கில் தலைமையில் ஒரு நிபுணர் குழு அமைக்கப்பட்டது. குஜராத் எல்லையில் இருந்து கன்னியாகுமரி வரை, சுமார் 1,29,000 சதுர கிலோமீட்டர். எந்தத் தாலுகா எவ்வளவு உணர்திறன் உள்ளது என்று மூன்று மண்டலங்களாகப் பிரித்து, எங்கே புதிய சுரங்கம் கூடாது, எங்கே பெரிய அணை கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்து 2011 ஆகஸ்ட் 31 அன்று அறிக்கையை அமைச்சகத்திடம் கொடுத்தார்கள். இது முடிந்த முடிவு அல்ல, கிராம சபைகள் விவாதித்துத்தான் இறுதி செய்ய வேண்டும் என்பதையும் அறிக்கையிலேயே எழுதியிருந்தார்கள்.

அறிக்கை அலமாரிக்குள் போனது.

வெளியிடுதல் என்ற சொல்லிலேயே 'வெளி' இருக்கிறது. இந்த அறிக்கையோ மாதக்கணக்கில் உள்ளேயே இருந்தது. கேரளத்தைச் சேர்ந்த ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டார். தரமுடியாது என்றது அமைச்சகம். வெளியிடச் சொல்லி 2012 ஏப்ரலில் மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்டது. அமைச்சகம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது, அங்கேயும் தோற்றது. 2012 மே மாதம்தான் அறிக்கை இணையதளத்தில் ஏறியது. ஒரு விஞ்ஞானியின் முக்கியமான வெளியீட்டை வெளியிட வைக்க ஒரு குடிமகன் வழக்காட வேண்டியிருந்தது! எந்த எச்-இண்டெக்ஸில் இதைச் சேர்ப்பது?

இந்தத் தாமதத்துக்குக் கொடுத்த விலை சாதாரணமானது அல்ல. அறிக்கை ஆங்கிலத்தில், நூற்றுக்கணக்கான பக்கங்களில் இருந்தது. மலைக்கிராமங்களில் யார் கைக்கும் அது போகவில்லை. வதந்திதான் போனது. வீடு கட்ட முடியாது, விவசாயம் செய்ய முடியாது, எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள் என்று பேச்சு பரவியது. இடுக்கியிலும் வயநாட்டிலும் பெரிய போராட்டங்கள் வெடித்தன. இதற்கிடையில் கஸ்தூரிரங்கன் தலைமையில் இன்னொரு குழு போடப்பட்டு, 2013 ஏப்ரலில் அது கொடுத்த அறிக்கை, பாதுகாக்க வேண்டிய பகுதியைச் சுமார் 60,000 சதுர கிலோமீட்டராகக் குறைத்தது. அதன் மீதும் வரைவு அறிவிக்கைக்கு மேல் வரைவு அறிவிக்கையாக வந்துகொண்டிருந்தது. ஆறாவது வரைவு வந்த தேதி 2024 ஜூலை 31.

அதற்கு முந்தைய நாள், ஜூலை 30 அதிகாலையில், வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதியில் மலை சரிந்து இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த ஊர்கள் இருக்கும் வைத்திரி தாலுகாவைக் காட்கில் குழு அதிகபட்ச உணர்திறன் கொண்ட முதல் மண்டலத்தில் வைத்திருந்தது. அறிக்கையை அமல்படுத்தியிருந்தால் அந்தச் சரிவு நடந்தே இருக்காது என்று சொன்னால் அது அறிவியல் ஆகாது. கொட்டிய மழை அவ்வளவு. ஆனால் இந்த மலை உடையக்கூடியது என்று எழுதிவைத்த காகிதம் பதிமூன்று வருடமாக இருந்தது, அந்த மலையில் குடியிருந்தவர்களின் மொழியில், அவர்களுடைய கிராம சபையில் அது ஒழுங்காக விவாதிக்கப்படவில்லை. இது மட்டும் உறுதி.

இதில் காட்கிலைக் குறை சொல்ல இடமில்லை. உள்ளூர் மொழிகளில் மொழிபெயர்த்து மக்களிடம் கொண்டுபோக வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டவர் அவர். மராத்தியில் நிறைய எழுதியவர். ராமச்சந்திர குஹாவுடன் சேர்ந்து 1992-லும் 1995-லும் எழுதிய புத்தகங்கள் பொதுவாசகர்களுக்கும் புரியக்கூடியவை. ஒவ்வோர் ஊரும் தன் செடி, கொடி, மீன், மூலிகை பற்றிய அறிவைத் தானே எழுதிவைக்கும் 'மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு' என்ற யோசனைக்காக 1990-களில் இருந்தே உழைத்தவர். 2002-ம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டமும் 2004-ம் ஆண்டின் விதிகளும் அந்தப் பதிவேட்டைச் சட்டபூர்வமாக்கின. ஆக, தடுத்தது அரசு. ஆனால் அரசு தடுத்தபோது அந்த இடத்தை நிரப்பியிருக்கக்கூடிய நூற்றுக்கணக்கான ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள்? அவரவர் கல்லூரிக்குப் பக்கத்து மலைத் தாலுகாவைப் பற்றிய பகுதியை மட்டும் தமிழிலோ மலையாளத்திலோ கன்னடத்திலோ பத்துப் பக்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் எத்தனை வதந்தி அடங்கியிருக்கும்! செய்யவில்லை என்று அவர்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அந்தப் பத்துப் பக்கத்துக்குப் புள்ளி கிடையாது. அதே நேரத்தில் ஒரு ஆங்கில பேப்பர் எழுதினால் புள்ளி உண்டு. எதற்குக் கூலி கொடுக்கிறோமோ அதுதான் விளையும்.

இதற்கு ஒரு மறுப்பு வரும், அது நியாயமானதும்கூட. "ஜர்னல் கட்டுரையை இரண்டு மூன்று நிபுணர்கள் படித்துச் சரிபார்க்கிறார்கள். உள்ளூர் மொழியில் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம். அதற்கெல்லாம் மார்க் கொடுக்க ஆரம்பித்தால், சொந்தக்காரர் பிரஸ்ஸில் அச்சடித்த புத்தகத்தைக் காட்டிப் பேராசிரியர் ஆகிவிடுவார்கள்." உண்மைதான். காசு வாங்கிக்கொண்டு கண்டதையும் போடும் போலி ஜர்னல்களே புற்றீசல் மாதிரி கிளம்பிய நாடு இது. புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கே தில்லுமுல்லு வரும்.

காட்கிலின் கதையே ஜர்னல்களின் அவசியத்தைக் காட்டுகிறது என்றும் வாதிடலாம். 1970-ம் வருடக் கட்டுரையும், மூங்கில் கட்டுரைகளும், கோயில் காட்டுக் கட்டுரைகளும் இல்லாவிட்டால் 2010-ல் அந்தக் குழுவுக்கு அவரைத் தலைவராகப் போட்டிருப்பார்களா? அவர் சொன்னதை நீதிமன்றமும் பத்திரிகைகளும் மதித்திருக்குமா? மாட்டார்கள். அந்த மதிப்பு முழுக்க நாற்பது வருடமாக ஜர்னல்களில் சேர்த்து வைத்த டெபாசிட்.

ஆனால் டெபாசிட் எதற்கு? ஒருநாள் எடுத்துச் செலவழிக்கத்தான். காட்கில் தன் சேமிப்பை எடுத்து ஒரு மலைத்தொடருக்காகச் செலவழித்தார். சேமிப்பை மட்டும் எண்ணிவிட்டுச் செலவைப் பார்க்காத ஒரு முறை, கடைசிவரை பாஸ்புக்கைத் தடவிக்கொண்டிருப்பவரைத்தான் பெரிய ஆள் என்று சொல்லும்.

எனவே ஜர்னல்களைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மூன்று சின்ன மாற்றங்கள் போதும். முதலாவது, சூழலியல், பல்லுயிர்ப் பாதுகாப்புத் துறைகளில் ஆள் எடுக்கும்போது மொத்த எண்ணிக்கையைக் கேட்காமல், "உங்கள் வேலையில் சிறந்த ஐந்தைக் காட்டுங்கள், ஒவ்வொன்றாலும் என்ன நடந்தது என்று சொல்லுங்கள்" என்று கேட்கலாம். ஐந்தைப் படித்துப் பார்க்க முடியும், இருநூறை எண்ணத்தான் முடியும். இரண்டாவது, பொதுப் பணத்தில் நடக்கும் ஒவ்வொரு கள ஆய்வும் முடிந்ததும், அந்த ஊர் மொழியில் ஒரு சுருக்கத்தைக் கிராம சபையிடம் கொடுப்பதைக் கட்டாயமாக்கலாம். அதையும் அந்த மொழி தெரிந்த இரண்டு நிபுணர்கள் சரிபார்க்கட்டும். மூன்றாவது, பல வருடம் சேர்த்த தரவு, ஊருடன் சேர்ந்து தயாரித்த பல்லுயிர்ப் பதிவேடு போன்றவற்றையும் வெளியீடாக ஏற்கலாம். இதற்கெல்லாம் பெரிய செலவு கிடையாது.

கூடை முடைபவர்களின் மூங்கிலுக்காகக் காட்டில் நடந்த வருடங்களையும், ஓர் அறிக்கை அலமாரியில் கிடந்த மாதங்களையும் எந்த இண்டெக்ஸாலும் காட்ட முடியாது. அதனால் அடுத்த தடவை யாராவது "அவர் எத்தனை பேப்பர் போட்டிருக்கார்?" என்று கேட்டால் எண்ணைச் சொல்லுங்கள், தப்பில்லை. கூடவே இன்னொரு கேள்வியையும் கேளுங்கள். அவர் யாருடைய காட்டைப் பற்றி எழுதினாரோ, அவர்கள் கைக்கு அது போய்ச் சேர்ந்ததா?